பெரியவளின் கொழுப்பு

கொழுப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் பெரியவளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். தம்பி ஒன்றைக் கேட்டால் அது ஆசை. அதையே அவள் கேட்டால் கொழுப்பு. சின்ன வயதில் செருப்பு கடிக்கிறது, வேறு வேண்டும் என்றாள். கொழுப்பு என்றாள் அம்மா. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கை ஓங்கினான் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள், அது பெருங்கொழுப்பு. இப்படி நாற்பத்தைந்து வயது தாண்டும்வரை வெறும் வாய்வார்த்தையாகவே இருந்த கொழுப்புக்குப் போன வருஷம்தான் ஓர் எண் கிடைத்தது. நாற்பத்தொரு சதவீதம். சொன்னது மனிதரல்ல, தம்பி வாங்கிக் கொடுத்த வாட்ச்.

பெரியவள் வேலை பார்த்தது ஒரு சலவைக் கம்பெனியில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஆவியில் கொதிக்கும் பெரிய உருளைகளுக்கு நடுவே கோணாமல் விட வேண்டும். மறுபக்கம் அது காகிதம்போல விறைத்து வெளியே வரும். கோணினால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் திரும்பத் துவைக்க வேண்டும், சூப்பர்வைசர் வாயைத் திறப்பார். பெரியவள் பிடித்த முனை கோணியதில்லை. தடித்த கை, அகலமான தோள், நாள் முழுக்க நின்றாலும் சலிக்காத கால். பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, சொத்து இல்லை. அவள் பிழைப்புக்கு நம்பியது அந்த உடம்பை மட்டும்தான்.

தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. கடையில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு அவனைக் கட்டிப் போட்டார்கள். சிறுநீர் இறங்காத உடம்பு, ஆகவே தண்ணீருக்கும் அளவு. நாளெல்லாம் ஒரு சின்ன பாட்டில்தான். தாகம் தாங்காவிட்டால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவர் ஒரு கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பி மனைவிக்கு ரத்தம் சேரவில்லை. சேர்ந்தது பெரியவளுக்கு.

முடிவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுது சிரித்தார்கள். அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பெற்ற நாளிலிருந்து அப்படிச் செய்ததாகப் பெரியவளுக்கு ஞாபகம் இல்லை. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, ஒன்று போனாலும் ஒன்று இருக்கிறதே என்றாள். கொடுக்கிறாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பெரியவள் சரி என்று பதில் சொன்னாள்.

அவளுக்குக் கொடுக்க மனமில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. கத்தி என்றால் பயம். எழுந்து வந்தபின் ஈர விரிப்பைத் தூக்க முடியாமல் போனால் கஞ்சிக்கு யார் பொறுப்பு என்ற பயம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கோபம்: என் வயிற்றுக்குள் இருப்பதற்கும் எனக்கு உரிமை இல்லையா என்ற கோபம். தம்பியின்மேல் உயிரையே வைத்திருந்தாள், அதிலும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து ஒன்றையொன்று பிறாண்டின. கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கும்போது இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டால் மனம் மாறுமா என்ன.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பெரியவளின் உடம்பு இந்த ஆபரேஷனுக்கு அதிகம். சில மாதம் எடுத்துக்கொண்டு குறைத்துவிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்தச் சில மாதத்துக்காகத்தான் வாட்ச் வந்தது. கடைக்கு ரிப்பேருக்கு வந்து, சொந்தக்காரர் விற்றுவிட்டுப் போனது அது. தம்பி துடைத்து, பட்டை மாற்றி, தானே அவள் கையில் கட்டிவிட்டான்.

பொருளை விளக்கிச் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொத்தான்களில் மற்றக் கையின் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். உறைக்காத அளவு மெல்லிய கரண்ட் ஒரு கையில் ஏறி உடம்பைச் சுற்றி மறு கைக்கு வரும். தண்ணீரும் சதையும் அதை ஓடவிடும், கொழுப்பு மறிக்கும். எவ்வளவு மறித்தது என்பதையும், நாம் அடித்து வைத்த உயரம், எடை, வயதையும் வைத்து அது ஒரு கணக்குப் போடும். கொழுப்பு இவ்வளவு, சதை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். காலையில் வெறும் வயிற்றில், கை ஈரமில்லாமல், வளையலைக் கழற்றிவிட்டு, தினமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும்.

“இது ஊகம்தான்க்கா, தராசு இல்ல. ஒரு நாள் நம்பரைப் பார்த்துப் பயப்படாத. மாசக் கணக்குல கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாரு” என்றான்.

சொன்னவனுக்குப் புரிந்தது, கேட்ட குடும்பத்துக்கு எண் மட்டும்தான் பிடிபட்டது. வாட்ச் எடுக்கும் எண் தம்பியின் போனுக்குப் போகும்படி அவன் இணைத்து வைத்திருந்தான். அங்கிருந்து அவன் மனைவிக்கு, மனைவியிடமிருந்து அம்மாவுக்கு. பெரியவள் பல் விளக்கி முடிப்பதற்குள் அவள் கொழுப்பு நாலு வீடு சுற்றிவிட்டு வந்துவிடும். தனியாக வீடெடுத்து இருந்த அவளுக்கு அம்மா தினமும் போன் செய்வாள். தூங்கினாயா, கால் வலி எப்படி என்றெல்லாம் கிடையாது. இன்றைக்கு ஏன் அரை ஏறியிருக்கிறது, யார் என்ன கொடுத்தார்கள், நீ என்னத்தைத் தின்றாய்? தம்பி மனைவி அப்படியெல்லாம் அதட்டுகிறவள் அல்ல. எண் குறைந்த நாளில் பூ படம் அனுப்புவாள், ஏறிய நாளில் கைகூப்பும் படம் அனுப்புவாள். அதட்டலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் கூப்பிய கையைத்தான் பெரியவளால் பார்க்க முடியவில்லை.

சலவைக் கம்பெனியில் அவளுக்கு எதிர்முனை பிடிப்பவளை எல்லோரும் ஜோடிக்காரி என்பார்கள். வாய் நீளம். உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று இத்தனை நாள் சூப்பர்வைசர்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது கடிகாரமே சொல்லத் தொடங்கிவிட்டதே என்று சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கொடுத்தனுப்பிய வேகவைத்த காய்கறியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டைக் கொழுக்க வைப்பார்கள். இவளை மெலிய வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எண் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்க இறங்க வீட்டில் கொண்டாட்டம். அவளுக்கோ ஒவ்வொரு படியும் ஆபரேஷன் மேஜைக்கு இறங்கும் படியாக இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் கம்பெனியில் குடிதண்ணீர் மெஷின் கெட்டுப்போனது. உருளைச் சூட்டில் வேர்த்து வழிந்தபடி அன்று முழுக்க எல்லோரும் நாக்கு வறண்டு வேலை பார்த்தார்கள். காலையில் எண் எடுக்க மறந்திருந்த பெரியவள், வீட்டுக்கு வந்ததும் அலுப்போடு இரண்டு விரலை வைத்தாள். எண் ஒரேயடியாக எகிறியிருந்தது. மாசக் கணக்கில் பட்டினி கிடந்து இறக்கியதெல்லாம் ஒரு பகலில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா போனில் கத்தினாள். இந்த லட்சணத்தில் குறைத்தால் டாக்டர் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவார் என்றாள். பெரியவள் காதில் விழுந்தது தள்ளிப்போடுவார் என்பது மட்டும்தான். அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் அயர்ந்து தூங்கினாள்.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இல்லாத உடம்பில் கரண்ட் ஓடத் திணறும். ஓடாததையெல்லாம் வாட்ச் கொழுப்பென்று எழுதிக்கொள்ளும். மறுநாளிலிருந்து பெரியவள் தண்ணீரைக் குறைத்தாள். உருளை முன்னால் நிற்கும்போது ஒரு வாய், மாத்திரை விழுங்குகிறவளைப்போல. வீட்டில் அரை டம்ளர். காலையில் விரலை வைக்குமுன் ஒன்றும் கிடையாது. தினமும் எகிறினால் சந்தேகம் வருமென்று நடுநடுவே ஒழுங்காகவும் குடித்தாள். எண் ஏறி இறங்கி, இறங்கி ஏறி, ஓரிடத்திலேயே ஊசலாடியது. அம்மாவுக்கு மண்டை காய்ந்தது. இவளுக்கு உடம்பே காய்ந்தது.

உதடு வெடித்தது. தலை எந்நேரமும் பாரமாக இருந்தது. ஒரு நாள் கண் இருட்டி, கையிலிருந்த முனை நழுவி, விரிப்பு உருளைக்குள் கோணிக்கொண்டு போனது. ஜோடிக்காரி திட்டிக்கொண்டே தன் பாட்டிலை நீட்டினாள். பெரியவள் தலையை ஆட்டி மறுத்தாள். வெளியே வந்த விரிப்பில் குறுக்கே விழுந்திருந்த மடிப்பைப் பார்க்க அவளுக்கே அவமானமாக இருந்தது.

அதைவிட அவமானம் ஆஸ்பத்திரியில்தான். வாரத்தில் ஒரு நாள் தம்பி மெஷினில் கிடக்கும்போது அவள் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். கையிலிருந்து போகும் குழாயும் வரும் குழாயுமாக அவன் படுத்திருப்பான். ஒரு நாள் அவன் ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கரைந்துவிடப் போகிறதே என்று பேசாமல் கிடந்தான். வெயிலில் வந்திருக்கிறாயே அக்கா என்று நர்ஸ் பெரியவளுக்கு ஒரு கப் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றாள். சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தம்பி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் குடிக்கக் கூடாததால் தவிக்கிறான். நாம் குடிக்க முடிந்தும் தவிக்கிறோம், அதுவும் அவனுக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுப்பதற்கு. இந்த நினைப்போடு அவள் வீடு போய்ச் சேர்ந்தாள். போய், மறுநாளும் குடிக்கவில்லை.

டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. அம்மா, தம்பி, அவன் மனைவி, பெரியவள் நாலு பேரும் போனார்கள். எண் மறுபடி நாற்பதுக்குக் கீழே போகாததால் அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள். பெரியவள் மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, எடை மெஷினில் நிற்கச் சொன்னார். முள் நின்ற இடத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பட்டினியும் நிற்கும் வேலையும் எடையை எப்போதோ குறைத்திருந்தன. பெரியவள் அதை நினைத்தே பார்க்கவில்லை. அவள் வாட்சைக் காட்டி, கொழுப்பு குறையவில்லையே என்றாள். அதை வைத்து நாங்கள் எதுவும் முடிவு செய்வதில்லை அம்மா என்று அவர் கையை ஆட்டிவிட்டார். சிறுநீர் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள், மற்றபடி ரத்தம், பிரஷர், ஸ்கேன் எல்லாம் பிரமாதம், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாம் என்றார். இத்தனை மாதம் வாய் கட்டி, வயிறு கட்டி, தாகம் கட்டி அவள் கண்ட பலன் இதுதான். தப்பிக்கத் தோண்டிய பள்ளத்திலேயே போய் விழுந்தாள்.

தேதி குறிக்கும் முன்னால் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். கொடுக்கிறவர் தனியாகத்தான் போக வேண்டும். சின்ன அறை, இரண்டு நாற்காலி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வருஷமாக யாரும் கேட்காததைக் கேட்டார்.

“உங்களுக்குக் குடுக்க இஷ்டமா?”

பெரியவள் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

“அவன்னா எனக்கு உயிருங்க” என்றாள் பெரியவள். “ஆனா குடுக்க மனசு வரல. பயமா இருக்கு. வெளியில சொன்னா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க.”

“நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். பொருந்தலைன்னு ஒரே வார்த்தை நாங்க சொல்லிடுவோம். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். நீங்களும் காரணம் சொல்லாதீங்க.”

இவ்வளவுதானா? இவ்வளவு சின்னக் கதவுக்காகவா நாக்கை உலர்த்திக்கொண்டு திரிந்தோம் என்று பெரியவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் வந்து, பொருந்தவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் எழுந்து வந்து பெரியவளின் முன்னால் நின்றாள். போன தடவை பொருந்தியது இந்தத் தடவை எப்படிப் பொருந்தாமல் போகும், உள்ளே என்னதான் சொன்னார்கள்?

காரணம் சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியே வளர்ந்தவள் அவள். அம்மா கேட்டு நிற்க, பதில் சொல்லாமல் நின்று அவளுக்குப் பழக்கமில்லை. பழகிய சொல் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது.

“கொழுப்புதாம்மா” என்றாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. அவ்வளவுதானே, கொழுப்புதானே, குறைத்துவிட்டால் போகிறது! இவளைத் தனியாக விட்டதுதான் தப்பு. இன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டு நம்மோடு வந்து இருக்கட்டும். வேலையும் வேண்டாம், அங்கே யார் என்ன தின்னக் கொடுக்கிறார்களோ. என் கண் முன்னால் இருந்தால் எப்படிக் குறையாமல் போகிறது, பார்த்துவிடுகிறேன். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் அண்ணி, எங்களோடயே வந்துடுங்க என்று அவள் கையைப் பிடித்தாள். திறந்த கதவைப் பெரியவள் தானே சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, உள்ளே நின்றாள்.

தம்பி எழுந்தான். கொஞ்சம் வா அக்கா என்று அவளைத் தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு குடிதண்ணீர் மெஷினும் அடுக்கி வைத்த காகிதக் கப்புகளும் இருந்தன. போனை எடுத்துக் காட்டினான். எல்லோரும் பார்க்கிற கொழுப்பு வரி அல்ல. அதற்குக் கீழே யாரும் பார்க்காத தண்ணீர் வரி.

“கொழுப்பு ஒரு ராத்திரியில ஏறாதுக்கா. தண்ணிதான் ஒரு ராத்திரியில இறங்கும்.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

“நர்ஸ் தண்ணி குடுத்து நீ வேணாம்னியே, அன்னைக்கு. உன் உதட்டைப் பார்த்தேன். என் உதடு மாதிரியே இருந்துச்சு.”

“எனக்கு மனசு வரலடா” என்றாள். அவனிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது, அவனிடம்தான் வந்து விழுந்தது. “நான் பாவிடா.”

அவன் இல்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவன் முகம் சுருங்கி விரிந்ததை அவள் பார்த்தாள். அவனுக்கும் வாழ ஆசை. இரண்டு பெண்குழந்தைகளைப் பெற்றவன். போனைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் அம்மாவிடம் நடந்தான்.

கடையில், இது இனி சரியாகாது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுப்பானே, அதே குரலில் பேசினான். கொழுப்பெல்லாம் இல்லை, அக்காவுக்குச் சரியாகப் புரியவில்லை. கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாயின் அமைப்பே வேறு மாதிரி, பிறவியிலேயே அப்படி. குறைத்தோ கூட்டியோ சரிசெய்கிற விஷயமில்லை என்று டாக்டர் தன்னிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டார். இனிமேல் இதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தான் பிழைக்கிற வழியைத் தன் வாயாலேயே அவன் மூடியதைப் பெரியவள் தாழ்வாரக் கோடியில் நின்று கேட்டாள். ஓடிப்போய், பொய், அவன் சொல்வது பொய் என்று சொல்லப் பார்த்தாள். கால் எழவில்லை. எழ வேண்டாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அவன் திரும்பி வந்து, அடுக்கிலிருந்து ஒரு கப்பை உருவி, விளிம்புவரை தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்தான்.

“குடி.”

குடித்தாள். அவள் விழுங்க விழுங்க அவன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

“இன்னும் வேணுமா?” என்று கேட்டான்.

“வேணும்” என்றாள்.